குரல் நடுங்கினால் விசுவாசம் குறைவா?

கேள்வி

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 26 வயது. மட்டக்களப்பு எழுவான்கரையில் ஒரு கிராமம். அப்பா வாவியில் தோணி வைத்துத் தொழில் செய்கிறார். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். குடும்பத்தோடு மெதடிஸ்த சபைக்குப் போகிறோம்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுந்து நின்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது. இரண்டு மாதங்களுக்கு முன் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கச் சொன்னார்கள். பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டேன். மீதியைப் போதகர் வாசித்து முடித்தார். அன்றிலிருந்து கடைசி வாங்கில்தான் உட்காருகிறேன்.

போன மாதம் நகரத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு இருந்தது. அதற்காக 21 நாள் உபவாசம் எடுத்தேன். அன்று காலையும் வெறும் தேநீரோடுதான் பஸ் ஏறினேன். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் அக்கா, "இது பயத்தின் ஆவி. விசுவாசம் உள்ளவளுக்குப் பயம் எப்படி வரும்? மறைத்து வைத்த பாவம் ஏதும் இருக்கிறதா என்று பார்" என்றார். அன்றிரவு நான் தூங்கவில்லை. விசுவாசத்தால் தன்னம்பிக்கை வருமா, வராதா? உளவளத்துணைக்குப் போவது கர்த்தரை நம்பாததற்குச் சமமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள மகளுக்கு,

நாலு பேர் முன்னால் பேச வராது என்கிற நீங்கள் எனக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மேலே இருப்பது அதன் சுருக்கம்தான். விடியுமுன் அப்பா தோணியைத் தள்ளிக்கொண்டு போவதை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் அந்தச் சிறு விளக்கு என் கண்ணுக்கே தெரிந்தது. ஆகவே சொல் வராத குறை உங்களுக்கு இல்லை. சொல்லுக்கும் வாய்க்கும் நடுவே ஏதோ குறுக்கே கிடக்கிறது. அதைத் தொடுவதற்கு முன், அந்த அக்கா சொன்னதைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது. இப்போது உங்கள் தொண்டையை அதிகம் அடைத்திருப்பது அதுதான்.

"பயத்தின் ஆவி" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம், முதலாம் அதிகாரம், ஏழாம் வசனம். தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை, பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார் என்று வருகிறது. இந்த வசனத்தை எடுத்துப் பிறர் தலையில் குட்டுகிறவர்கள் அதற்கு முந்திய வரிகளை வாசிப்பதே இல்லை. பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவனுக்கு இப்படி எழுத வேண்டிய தேவை என்ன? நாலாம் வசனத்தில் பவுல் அந்த இளைஞனின் கண்ணீரை நினைத்துக்கொள்கிறார். அதற்கு முன்பே "பிரியமான குமாரன்" என்று அழைத்துவிட்டார். பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுபடுத்துகிறார். இவ்வளவும் சொன்ன பிறகுதான் பயம் என்ற சொல்லே வருகிறது. முதலாம் நிருபத்தில் அவனுடைய வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் ஒரு கைமருந்துகூடச் சொல்லியிருக்கிறார். பதற்றக்காரர்களை வயிறு என்ன பாடு படுத்தும் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தீமோத்தேயுவுக்கும் அதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிரிப்பு வரும்.

இதைவிடப் பெரிய விஷயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம், பதினாறாம் அதிகாரம், பத்தாம் வசனம். கடிதத்தின் கடைசியில், பயண விவரங்களுக்கு நடுவே, யாரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற வரி. தீமோத்தேயு உங்களிடம் வந்தால், "அவன் பயமில்லாமல் உங்களிடத்திலிருக்கப் பாருங்கள்" என்று சபையாருக்கு எழுதுகிறார் பவுல். அந்த ஊர்ச் சபை லேசுப்பட்டதல்ல: கோஷ்டிச் சண்டை, வழக்கு, யார் பெரியவர் என்ற போட்டி எல்லாம் இருந்தது. அங்கே போய் நிற்கப் போகிற பையனிடம் "தைரியமாயிரு" என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பவுல் சும்மா இருக்கவில்லை. வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கட்டளை போகிறது. அவன் பயப்படாமல் இருப்பது அவர்களுடைய பொறுப்பு.

நான் சபையில் பிறந்து வளர்ந்தவள். இருபது வருடங்களுக்கு மேலாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். இந்த இரண்டும் சேர்ந்து எனக்குக் கற்றுத் தந்தது ஏறக்குறைய இந்த ஒரு வரிதான். தைரியம் என்பது சிலருக்குப் பிறவியில் வாய்த்து, சிலருக்கு வாய்க்காமல் போகிற சொத்தென்று நினைக்கிறோம். வேதத்தில் அது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கிற ஒருவர் மூலமாக வருகிறது.

அந்த அக்காவோடு சண்டைக்குப் போகாதீர்கள். பரீட்சையில் தவறினாலும், வீசா மறுக்கப்பட்டாலும், கல்யாணம் தட்டிப்போனாலும் ஒரே விளக்கம் சொல்லிப் பழகிவிட்ட மனிதர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பத்தாம் வசனத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், போதும். மறைத்து வைத்த பாவத்தைத் தேடி ஓர் இரவைக் கழித்தீர்களே, அந்தத் தேடலை இத்தோடு விட்டுவிடுங்கள். கூட்டத்தைக் கண்டு குரல் நடுங்குவது உடம்பின் வேலை. பல பேருடைய பார்வை ஒரே நேரத்தில் நம்மேல் விழும்போது மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது; அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, வாய் வறள்கிறது, தசைகள் ஓடுவதற்குத் தயாராகி நடுங்குகின்றன. நாய் துரத்தினால் இதெல்லாம் உதவும். வேதபாடம் வாசிப்பதற்குத்தான் உதவுவதில்லை.

பயம் இருந்தால் விசுவாசம் இருக்காது என்கிறவர்களுக்கு நான் 2019ஆம் ஆண்டைத்தான் காட்டுவேன். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, நமது நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு ஆராதனைகள் மறுபடியும் தொடங்கிய நாட்களில் எங்கள் ஆலயத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஞாபகம். எத்தனையோ வருடமாக முன்வரிசையில் இருந்தவர்கள் கதவோரம் இடம் தேடினார்கள். வாசலில் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வந்து, பிள்ளையின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு தாயைப் பார்த்தேன். பாட்டுக்கு எழுந்து நின்றபோது அவருடைய வாய் பாடியது, கண் வாசலிலேயே இருந்தது. முதுகில் பையோடு ஓர் இளைஞன் பிந்தி வந்தபோது பாட்டே ஒரு கணம் தடுமாறியது. அவன் எங்கள் சபைப் பிள்ளைதான். அந்தத் தாய்க்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் அவரோடு பேச மாட்டேன். பயமே இல்லாதவர்கள் யாரும் அன்று அங்கே இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் வந்திருந்தார்கள்.

நீங்கள் மெதடிஸ்த சபைப் பிள்ளை என்பதால், அந்தச் சபை இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1736 ஜனவரியில் அவர் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். குருப்பட்டம் பெற்று ஊழியத்துக்குப் போகிற மனிதர். நடுக்கடலில் புயல் பிடித்தது. அதே கப்பலில் இருந்த ஜெர்மானிய மொரேவியக் கிறிஸ்தவர்கள், பாய் கிழிந்து தண்ணீர் தட்டுக்குள் பாய்ந்தபோதும் சங்கீதத்தை நிறுத்தாமல் பாடினார்கள். வெஸ்லிக்குச் சாகப் பயமாக இருந்தது. அதை அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கதையை எங்கள் ஞாயிறு பாடசாலையில் மொரேவியரின் பக்கத்திலிருந்துதான் சொல்லித் தந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்தும் அவருக்குள் அந்த நிச்சயம் வரவில்லை. என்னிடம் விசுவாசம் இல்லையே, பிரசங்கத்தை விட்டுவிடட்டுமா என்று பீட்டர் போலர் என்ற மொரேவியரிடம் கேட்டார். விடாதே, விசுவாசம் வரும்வரை விசுவாசத்தைப் பிரசங்கி, வந்த பிறகு அது இருப்பதனால் பிரசங்கிப்பாய் என்பது போலரின் பதில். இலண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு கூட்டத்தில் அவருடைய உள்ளம் அனல்கொண்ட நாள் அதற்குப் பின்னால்தான் வருகிறது: 1738 மே 24.

போலர் உளவளத்துணையாளர் அல்லர். ஆனாலும் பதகளிப்போடு வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வதும் அதுவேதான். பயம் போன பிறகு எழுந்து நிற்கலாம் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். நிற்க நிற்கத்தான் பயம் தணியும். நீங்கள் கடைசி வாங்குக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்தவுடனே நெஞ்சு லேசாகியிருக்கும். "இங்கேதான் பாதுகாப்பு" என்று மூளை குறித்துவைத்துக்கொண்டது. அடுத்த வாரம் முன்னால் போக நினைத்தால் முன்னிலும் பெரிதாகப் பயமுறுத்தியிருக்கும். ஒவ்வொரு தடவை விலகும்போதும் பயத்துக்குச் சோறு போடுகிறோம்.

இனி உங்கள் நேர்முகத் தேர்வுக்கு வருகிறேன். இதில் உங்களோடு கொஞ்சம் கோபமும் இருக்கிறது. 21 நாள் உபவாசத்தின் முடிவில், வெறும் வயிற்றில், சாயத் தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் பஸ் ஏறினால் கை நடுங்காமல் என்ன செய்யும்? உபவாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் இருந்தவர். ஆனால் உபவாச நாளும் நேர்முகத் தேர்வு நாளும் ஒன்றாக இருக்க வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது தூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அடுத்த முறை நகரத்துக்குப் போகும் நாளில் அம்மாவிடம் நாலு பிடி பிட்டும் மீன்குழம்பும் கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போன அந்த வசனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிலிப்பியருக்கு எழுதிய நிருபம், நாலாம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம். அதைப் பரீட்சை மண்டபத்து மந்திரம்போல ஆக்கிவிட்டோம். சாவிக்கொத்திலும் பஸ் கண்ணாடியிலும் அந்த ஒரு வரி மட்டும் தொங்குகிறது. பவுல் அதைக் கட்டுண்டவராக இருந்துகொண்டு எழுதினார். அதற்கு முந்திய வசனத்தை வாசித்தால்தான் "எல்லாவற்றையும்" என்பது எதையெல்லாம் என்று புரியும்: "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." நிறைவிலும் இருப்பேன், குறைவிலும் இருப்பேன், இரண்டையும் தாங்க எனக்குப் பெலன் தரப்படுகிறது என்கிறார். வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. கிடைக்காவிட்டாலும் நீங்கள் இல்லாமல் போய்விட மாட்டீர்கள் என்பது இருக்கிறது. விசுவாசத்தால் தன்னம்பிக்கை வருமா என்று கேட்டீர்கள். நான் கண்ட அளவில் இந்த வழியாகத்தான் வருகிறது. "என்னால் முடியும்" என்று நூறு தடவை சொல்லிக்கொண்டு உள்ளே போகிறவளுக்கு, முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற பயம் நூறு மடங்காகிறது. முடியாமல் போனாலும் என்னைத் தள்ளிவிடாத ஒருவர் இருக்கிறார் என்று உள்ளே போகிறவளுக்கு அது வெறும் நேர்முகத் தேர்வு. மூன்று பேர், ஒரு மேசை, ஒரு மின்விசிறி.

அதே வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்கு வாருங்கள். போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அப்பாவின் இறால் கணக்கை நீங்கள்தான் கொப்பியில் எழுதிவருகிறீர்கள்: எத்தனை கிலோ, அன்றைய விலை, வியாபாரி கொடுத்த முற்பணம், அதில் கழித்தது, மீதி. ஒருமுறை வியாபாரி இரண்டு தரம் கழித்திருந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். மகள், நீங்கள் போனது ஒரு நிதி நிறுவனத்துக்கு! "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை யார் சொல்லியிருக்க முடியும்? சொல்லவில்லை. ஏன் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அப்பாவின் தொழில் வெளியே வந்துவிடும் என்ற கூச்சம். பேதுருவும் மீனவர்தான் என்று நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். தாழ்ந்திருக்கவும் தெரியும் என்று பவுல் வெட்கமில்லாமல் எழுதிவைத்ததை மட்டும் சொல்கிறேன். வாயில் பதின்மூன்றாம் வசனத்தை வைத்துக்கொண்டு, மனதில் பன்னிரண்டாம் வசனத்தை ஒளித்துவைத்தால் தொண்டை அடைக்கத்தான் செய்யும். பெயர், படித்த பாடம், அந்தக் கொப்பி, இந்த வேலையை ஏன் விரும்புகிறீர்கள்: ஒரு நிமிடம் போதும். மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடத்தில் ஒரு சொல் தவறினால் எல்லாம் சரியும். முதல் வாக்கியத்தை மட்டும் வாய்க்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

உளவளத்துணைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு மோசேயிடமிருந்தே பதில் தருகிறேன். பார்வோனிடம் போ என்று கர்த்தர் சொன்னபோது, நான் "திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்று மோசே தயங்கினார். நான் உன் வாயோடே இருப்பேன் என்ற வாக்குக் கிடைத்த பிறகும், வேறு யாரையாவது அனுப்பும் என்றார். கர்த்தருக்குக் கோபம் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு அவர் செய்தது என்ன? நாவைக் குணமாக்கியதாக அங்கே எழுதப்படவில்லை. ஆரோன் உன் சகோதரன் அல்லவா, அவன் நன்றாய்ப் பேசுகிறவன், "அவன் உன்னைச் சந்திக்கப் புறப்பட்டுவருகிறான்" என்றார். மோசே மறுத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே ஆரோன் வழியில் வந்துகொண்டிருந்தார். பிற்காலத்தில், உபாகமம் என்ற அந்த நீண்ட புத்தகத்தில், அதிகமும் பேசுகிறவர் மோசேதான். திக்குவாய் என்றவர் ஒரு சனக்கூட்டத்துக்கு முன்னால் அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்.

உங்கள் ஆரோன் ஒரு தோழியாக இருக்கலாம், போதகரின் மனைவியாக இருக்கலாம், உளவளத்துணையாளராகவும் இருக்கலாம். கர்த்தர் எந்தப் பெயரில் அனுப்புகிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தூக்கமில்லாத இரவுகள், பசியின்மை, எதிலும் மனம் ஒட்டாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. ஊர்க்காரர் கண்ணில் படும் என்ற தயக்கம் இருந்தால் முதலில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அந்த இடத்துக்கு வரவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் கடிதத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

இப்போது வேலை. அப்பா முற்றத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைக்கும் நேரத்தில், பக்கத்தில் நின்று ஓர் அதிகாரத்தை உரத்து வாசியுங்கள். உட்கார்ந்து வேண்டாம், நின்று. அப்பாவின் கண் வலையில் இருக்கும், காது உங்களிடம் இருக்கும்; தொடங்குவதற்கு அதைவிட நல்ல சபை கிடையாது. ஒரு வாரம் அப்படிப் போகட்டும். பிறகு சனிக்கிழமை மாலை, ஆலயத்தைக் கூட்டிப் பூ வைக்க வருகிறவர்களோடு நீங்களும் போங்கள். அவர்கள் வேலையில் இருக்கும்போது வாசிப்பு மேசைக்குப் போய் நில்லுங்கள். கையை மேசையின் விளிம்பில் வையுங்கள்; தாளைக் கையில் பிடித்தால் அது படபடப்பதைப் பார்த்தே பாதிப் பயம் வரும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். வாசிக்குமுன் மூக்கால் மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள், மூன்று தடவை. வெறும் மண்டபத்தில் உங்கள் குரல் யாரோ அந்நியருடையதுபோலத் திரும்பி வரும். பூ வைக்கிற அன்ரி நிமிர்ந்து பார்ப்பார். பார்க்கட்டும். தடக்கினால் அந்த வசனத்தின் தொடக்கத்துக்குப் போகாமல், தடக்கிய சொல்லிலிருந்தே மேலே போங்கள்.

அதன் பிறகு போதகரிடம் ஒன்று கேளுங்கள்: வேதபாடத்துக்குப் பதிலாக, நீங்கள் ஒரு வசனமும் சபையார் ஒரு வசனமுமாக மாறி மாறி வாசிக்கும் சங்கீதத்தை முதலில் தரச் சொல்லி. ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு நூறு குரல் எழுந்து உங்களுக்கு மூச்சு வாங்க இடம் தரும். தோழியை மூன்றாவது வாங்கில் உட்காரச் சொல்லுங்கள். நிமிரும்போது அவருடைய முகத்தை மட்டும் பாருங்கள். குரல் நடுங்கும். நடுங்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நமக்குள்ளே முழங்குகிற நடுக்கத்தில் கொஞ்சம்தான் வெளியே கேட்கிறது. ஓடிவிடாமல் நின்றால் சில நிமிடங்களில் அது தானாக இறங்கத் தொடங்கும். இறங்குவதை ஒருமுறை உடம்பு கண்டுவிட்டால் அடுத்த முறை அவ்வளவு உயரம் ஏறாது. அது இரண்டாம் வாரத்திலும் நடக்கலாம், ஆறாம் வாரத்திலும் நடக்கலாம், அவசரப்படாதீர்கள்.

பயிற்சிக் காலத்தில் நான் முதன்முதலாக ஒரு மண்டபத்தில் பேசியபோது, உள்ளங்கை வியர்வையில் குறிப்புத் தாள் ஊறி நடுவே கிழிந்துவிட்டது. கிழிந்த பாதியை மேசையில் வைத்துவிட்டு, மீதியை ஞாபகத்திலிருந்து சொன்னேன். பின்னால் வந்து கைகொடுத்த ஒருவர், "நல்ல நிதானமாகப் பேசினீர்கள்" என்றார். அவர் கையிலும் என் வியர்வை ஒட்டியிருக்கும்.

எந்தப் பகுதியை வாசிக்கத் தந்தார்கள் என்று எழுதுங்கள். நெகேமியா போன்ற புத்தகமாக இருந்தால் சனிக்கிழமையே போதகரிடம் அந்தப் பெயர்களை உச்சரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை கேட்காமல் போய், மெஷேசாபெயேலில் நான் மாட்டிக்கொண்டேன்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்